வாசகர் கேள்விகள்: உளி, ஊசி, பேனா – குந்தர் கிராஸ்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, "1999-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு வாங்கிய ஜெர்மன் நாவலாசிரியர் குந்தர் கிராஸ் கல் கொத்தும் வேலை கற்றவர், சிற்பி, ஓவியர், தன் புத்தக அட்டைகளைத் தானே வரைந்தவர்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களைப் பார்த்ததும் இந்த இதழை முழுக்க அவருக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கலைக்கல்லூரியில் அச்சோவியம் சொல்லிக்கொடுத்தவள் நான். கிராஸின் படங்களை அவருடைய நாவல்களின் ஓரத்தில் தொங்கும் அலங்காரமாகப் பலரும் பேசுவது எனக்கு நெடுநாள் குறை. அதனால் சில பதில்கள் நீண்டிருக்கின்றன.

கேள்வி: கிராஸுக்குச் சின்ன வயதில் ஓவியம் சொல்லிக்கொடுத்தது யார்? வீட்டில் யாராவது ஓவியர்களா?
– ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், மன்னார்குடி

வீட்டில் ஓவியர் யாருமில்லை ஐயா. மளிகைக்கடை வீடு அது. அவர் பிறந்தது 1927 அக்டோபர் 16-ஆம் தேதி, டான்சிக் நகரத்தின் லாங்ஃபூர் பகுதியில். அன்றைக்கு டான்சிக் ஜெர்மனியோடும் இல்லை, போலந்தோடும் இல்லை. இன்றைய ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் பாதுகாப்பில் இருந்த தனி நகரம். இன்று அது போலந்தின் கதான்ஸ்க். அப்பா வில்ஹெல்ம் ஜெர்மானியர், புராட்டஸ்டன்ட். அம்மா ஹெலேன் கஷுபியர் என்ற சிறிய ஸ்லாவ் இனத்தைச் சேர்ந்த கத்தோலிக்கர். இரண்டு அறை வீடு. கழிப்பறை மாடிப்படியருகே, அக்கம்பக்கக் குடித்தனங்களோடு பொது. பையனுக்குத் தனி அறை கிடையாது. சன்னலுக்குக் கீழே இருந்த ஒரு மாடம்தான் அவனுடைய இடம். புத்தகம், வண்ணப்பெட்டி, சேர்த்துவைத்த சாமான் எல்லாம் அங்கேதான்.

அவனுடைய ஓவிய ஆசான் சிகரெட் பெட்டி. அந்தக் காலத்து ஜெர்மன் சிகரெட் பெட்டிகளுக்குள் கூப்பன் இருக்கும். கூப்பன்களைச் சேர்த்து அனுப்பினால் புகழ்பெற்ற ஓவியங்களின் வண்ண அச்சுப் படங்கள் தபாலில் வரும். அவற்றை ஆல்பத்தில் ஒட்டலாம். தீப்பெட்டிப் படம் சேர்த்த தலைமுறைக்கு இந்த வெறி நன்றாகத் தெரியும். கிராஸ் இந்தப் படங்களை வைத்துக்கொண்டு, பத்து வயதிலேயே ஃபிரான்ஸ் ஹால்ஸ் எது, ரெம்பிராண்ட் எது என்று ஒரு பார்வையில் பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார். 2006-இல் வந்த 'வெங்காயத்தை உரித்தல்' என்ற தன்வரலாற்றில் இதையெல்லாம் விலாவாரியாகச் சொல்கிறார்.

இன்னொரு பள்ளியும் அந்தக் கடையிலேயே இருந்தது. அம்மாவின் கடன் நோட்டு. பாக்கி வைத்த வாடிக்கையாளர் வீடுகளுக்குப் பையனைத்தான் வசூலுக்கு அனுப்புவார் அம்மா. வசூலானதில் அவனுக்குக் கமிஷன் உண்டு. வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டின் வாடையையும் சாக்குப்போக்கையும் பார்த்து வளர்ந்த பையன் அவன். அவருடைய நாவல்களில் வரும் குடித்தன வீடுகளின் மாடிப்படிகளைப் படிக்கும்போது, இந்த வசூல் நடை எனக்கு நினைவுக்கு வராமல் போவதில்லை. மகன் பெரிய ஆளாவான் என்று நம்பிய ஒரே ஜீவன் அந்த அம்மா. 1954-இல் புற்றுநோயில் போய்விட்டார். மகனின் முதல் புத்தகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

கேள்வி: ஓவியக் கல்லூரியில் சேரப் போனவர் கல்லறைக்குக் கல் கொத்தும் வேலைக்கு ஏன் போனார்?
– வாசகி, தென்காசி

கல்லூரியில் அடுப்பெரிக்க நிலக்கரி இல்லாததால்!

போர் முடிந்து, அமெரிக்கச் சிறை முகாமிலிருந்து வெளியே வந்தபோது அவருக்கு ஊர் கிடையாது. டான்சிக்கின் ஜெர்மானியர்கள் துரத்தப்பட்டுவிட்டார்கள். ஹில்டஸ்ஹைம் பக்கத்தில் ஒரு பொட்டாஷ் சுரங்கத்தில் கொஞ்சகாலம் வேலை பார்த்தார். சிற்பியாக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு டுசல்டார்ஃப் கலைக்கழகத்துக்குப் போனால், நிலக்கரித் தட்டுப்பாட்டால் மூடிக்கிடக்கிறது. அங்கே இருந்த ஒரு வயதான பேராசிரியர், கழகம் திறக்கும்வரை கல்தச்சரிடம் போய்த் தொழில் கற்றுக்கொள் என்று அனுப்பிவைத்தார். இது 1947. கல்லறைக் கற்களைத் தேய்ப்பது, சிலுவைக்கு விளிம்பு எடுப்பது, இறந்தவரின் பெயரும் தேதியும் வெட்டுவது. போர் முடிந்த நாட்டில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை.

1948-இல் கழகத்தில் இடம் கிடைத்தது. முதலில் செப் மாகஸ் என்ற சிற்பியிடம், பிறகு ஓட்டோ பாங்கோக்கிடம். இந்த பாங்கோக்கைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். கரித்துண்டாலும் மரச்செதுக்கு அச்சாலும் வேலை செய்தவர். 1930களில் டுசல்டார்ஃபின் ஓரத்தில் குடியிருந்த சின்டி நாடோடி மக்களோடு பழகி, அவர்களை வரைந்துகொண்டே இருந்தவர். நாஜிகள் அவரை வேலை செய்யவிடாமல் முடக்கினார்கள். அவர் வரைந்த மனிதர்களில் பலர் பின்னால் வதை முகாம்களில் கொல்லப்பட்டார்கள். அந்த ஆசிரியரை கிராஸ் மறக்கவில்லை. 1997-இல், சின்டிகளையும் உள்ளடக்கிய ரோமா மக்களுக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். அது வழங்கும் பரிசுக்கு ஓட்டோ பாங்கோக்கின் பெயர்தான்.

1953-இல் பெர்லினுக்குப் போய் கார்ல் ஹார்டுங் என்ற சிற்பியிடம் படிப்பை முடித்தார். இந்த வருடங்களில் மாலை நேரத்தில் ஒரு சிறு ஜாஸ் குழுவிலும் வாசித்தார். வாத்தியம் என்ன தெரியுமா? துணி துவைக்கும் தகரப் பலகை. விரல்களில் தையல் தொப்பி மாட்டிக்கொண்டு அதன் நெளிவுகளில் தாளம் போடுவார். தகரமும் தாளமும், தகரக் கொட்டடிக்கும் பையனைப் பற்றிய அவருடைய 'டின் டிரம்' நாவலுக்கு முன்பே அவர் விரலில் இருந்திருக்கின்றன.

கேள்வி: 'டின் டிரம்' படம் பார்த்தேன் மேடம். மூன்று வயதில் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் பையன் என்ற கற்பனை எங்கிருந்து வந்தது? நாவலும் படம் மாதிரிதானா?
– பொறியாளர், ஓசூர்

படம் ஃபோல்கர் ஷ்லோண்டார்ஃப் எடுத்தது, 1979. கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியது, சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஆஸ்காரும் வாங்கியது. ஆனால் படம் 1945-உடன் நின்றுவிடுகிறது. நாவலின் மூன்றாவது பாகம் முழுக்க அதற்குப் பிறகு நடப்பது. எனக்கு மிகப் பிடித்தது அந்தப் பாகம்தான்.

கதையை அறியாதவர்களுக்காக: 1924-இல் டான்சிக் மளிகைக்கடைக்காரர் வீட்டில் பிறக்கும் ஆஸ்கர், மூன்றாவது பிறந்தநாளில் சிவப்பு வெள்ளை நிறத்தில் ஒரு தகரக் கொட்டு கிடைத்ததும், இனி வளர்வதில்லை என்று முடிவுசெய்து நிலவறைப் படிக்கட்டிலிருந்து விழுகிறான். அதோடு வளர்ச்சி நின்றுவிடுகிறது. கொட்டடித்துக்கொண்டே, குரலால் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டே, பெரியவர்கள் ஒவ்வொருவராக நாஜிகளாவதை இடுப்பு உயரத்திலிருந்து பார்க்கிறான். 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி டான்சிக்கில் இருந்த போலந்துத் தபால் நிலையம் தாக்கப்பட்டது வரலாறு. அதைக் காத்து நின்றவர்களில் ஒருவர் கிராஸின் அம்மாவுக்கு உறவினர், தபால்காரர். பிடிபட்டு, சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பிறகு வீட்டில் அவர் பேச்சே எடுக்கக்கூடாது என்றானது. சிறுவன் கிராஸும் கேள்வி கேட்கவில்லை. நாவலில் அந்தத் தபால் நிலையம் ஒரு பெரிய அத்தியாயம்.

மூன்றாவது பாகத்தில் ஆஸ்கர் டுசல்டார்ஃபுக்கு வந்து என்ன வேலை செய்கிறான் பாருங்கள். கோர்னெஃப் என்ற கல்தச்சரிடம் கல்லறைக் கல் வெட்டுகிறான்! பிறகு கலைக்கழகத்தில் மாணவர்கள் பார்த்து வரைவதற்கு மாடலாக நிற்கிறான். அங்கே கரித்துண்டைத் தவிர வேறெதையும் அறியாத ஒரு பேராசிரியர் வருகிறார். யாரை மனதில் வைத்து எழுதினார் என்று சொல்லவேண்டியதில்லை. கல்லறை எழுத்து வெட்டும் பக்கங்களை நான் என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறேன். எந்தக் கல் மென்மை, எதில் தூசி எப்படிப் பறக்கும், எழுத்து எங்கே சிதறும் என்று தொழில் தெரிந்த கை எழுதிய பக்கங்கள் அவை. அந்தக் கனம் மேசையில் மட்டும் உட்கார்ந்திருந்தவருக்கு வராது.

எழுதியது பாரிஸில். 1956-இல் அவரும் அவருடைய முதல் மனைவி, சுவிஸ் நடனக்கலைஞர் அன்னாவும் அங்கே குடியேறினார்கள். தரைத்தளத்தில் ஈரம் கசியும் ஓர் அறை. வீட்டுக்கு வெப்பம் தரும் கொதிகலன் அங்கேதான். நிலக்கரி அள்ளிப் போடுவதும் எழுதுவதும் ஒரே அறையில். பிடிக்காத பிரதிகளை அந்த அடுப்பிலேயே போட்டார். அந்த ஈரத்தில் நுரையீரல் கெட்டது. இடையே 1957-இல் இரட்டை ஆண் குழந்தைகள். கவிஞர் பால் செலான் அப்போது அவருக்குப் பழக்கம். ஊக்கம் கொடுத்தவர்களில் ஒருவர். 1958-இல் '47 குழு' என்ற எழுத்தாளர் வட்டத்தின் கூட்டத்தில் இரண்டு அத்தியாயங்களை வாசித்துக் காட்டிப் பரிசு வாங்கினார். 1959-இல் நாவல் வந்தது. பிரேமன் நகர இலக்கியப் பரிசுக்கு நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். நகர ஆட்சி மன்றம் கொடுக்க மறுத்துவிட்டது. அட்டையில் கொட்டோடு நிற்கும் நீலக்கண் பையனை வரைந்தது கிராஸ்தான்.

கேள்வி: அம்மா, நான் எச்சிங் படிக்கிறேன். கிராஸின் எச்சிங் பற்றி வகுப்பில் யாரும் சொன்னதில்லை. அவர் உண்மையிலேயே நல்ல அச்சோவியரா, இல்லை பெயரால் ஓடியதா?
– மாணவர், கும்பகோணம்

தம்பி, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

நல்ல அச்சோவியர். சந்தேகம் வேண்டாம். மற்ற வாசகர்களுக்காக வேலையைச் சொல்லிவிடுகிறேன்: செப்புத் தகட்டின்மேல் மெழுகு கலந்த பூச்சைத் தடவி, கூரான ஊசியால் அந்தப் பூச்சை மட்டும் கீறி வரைய வேண்டும். தகட்டை அமிலத்தில் போட்டால், கீறிய இடத்தில் மட்டும் செம்பு அரிக்கும். எவ்வளவு நேரம் போடுகிறோமோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. பூச்சைக் கழுவிவிட்டு, மையை அழுத்தித் தேய்த்து, மேலே இருப்பதை வலைத்துணியால் துடைத்தெடுத்தால் மை கோட்டுக்குள் மட்டும் நிற்கும். நனைத்த காகிதத்தை வைத்து பிரஸ்ஸில் உருளையை ஓட்டினால் படம் இடவலம் மாறி வரும்.

கிராஸின் கோடு எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், அவர் நிழலைப் பூசி மழுப்பமாட்டார். சின்னச் சின்னக் கோடுகளை அடுக்கி அடுக்கியே மீனின் செதிலையும் நத்தையின் ஈரத்தையும் கிழவரின் தோலையும் கொண்டுவருவார். 1970களில் இந்த வேலையில் தீவிரமாக இறங்கினார். 1977-இல் வந்த 'ஃபிளவுண்டர்' நாவல், பேசும் தட்டைமீன் ஒன்று கற்காலத்திலிருந்து ஆண்களுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டே வருகிற கதை. அதன் அட்டையைத் தேடிப் பார்: ஒரு மனிதக் காது, அதை ஒட்டி வாயை வைத்திருக்கும் மீன். அவ்வளவுதான் படம். எழுநூறு பக்கக் கதையின் விஷமம் அந்த ஒரு காதில் இருக்கிறது. காதின் மடிப்புகளையும் மீனின் தோலையும் ஒரே விதமான கோட்டால் வரைந்திருப்பதைக் கவனி. காது எங்கே முடிகிறது, மீன் எங்கே தொடங்குகிறது என்று கண் ஒரு நொடி தடுமாறும்.

பூனை, நாய், நத்தை, எலி, தட்டைமீன், தேரை, நண்டு என்று அவர் நாவல்களின் தலைப்பிலேயே விலங்குகள் நிறைந்திருக்கும். இவை வெறும் உவமையாகத் தோன்றி எழுத்தில் நுழைந்தவை அல்ல. எழுத்தில் ஓர் உருவகம் தோன்றினால் அதை வரைந்து பார்த்துச் சோதிப்பது அவர் வழக்கம். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொல்லில் அழகாக இருப்பது, வரைந்தால் காலில்லாமல் நிற்கும். வரைந்தும் நிற்கிறது என்றால்தான் அது நாவலுக்குள் வரும். ஒரு புத்தகம் எழுதத் தொடங்கும்போது வெற்றுத்தாள்களைக் கட்டிய அச்சக மாதிரிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அதில் படமும் கையெழுத்தும் கலந்து போகும். பிறகுதான் ஒலிவெட்டி தட்டச்சு. கணினி பக்கம் போனதே இல்லை.

கடைசியாக ஒன்று. 1963-இல் எழுதிய 'நாய் வருடங்கள்' நாவலுக்கு ஐம்பது வருடம் ஆனபோது, 2013-இல், அந்த நாவலுக்கென்று நூற்றுக்கும் மேற்பட்ட எச்சிங்குகள் செய்து முடித்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. அந்த வயதில் செம்பில் ஊசி பிடிப்பது எப்படிப்பட்ட வேலை என்று, பிரஸ் அறையில் ஒரு நாள் நின்று பார்த்த உனக்குச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: ஹிட்லரின் எஸ்.எஸ். படையில் இருந்ததை அறுபது வருடம் மறைத்த மனிதருக்கு நீங்கள் பக்கம் ஒதுக்குவது நியாயமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

நியாயமான கோபம். எதையும் மென்மையாக்காமல் சொல்கிறேன்.

பதினைந்து வயதில் அவராகவே நீர்மூழ்கிக் கப்பல் படைக்கு விண்ணப்பித்தார், எடுக்கவில்லை. 1944-இன் இறுதியில், பதினேழு வயதில், எஸ்.எஸ்.-இன் போர்முனைப் படையான வாஃபன் எஸ்.எஸ்.-இன் ஃபிருண்ட்ஸ்பெர்க் டாங்கிப் பிரிவுக்கு அழைப்பு வந்தது. போனார். 1945 ஏப்ரல் 20-இல் காயம்பட்டார். மரியன்பாத்தில் அமெரிக்கர்கள் பிடித்தார்கள். முகாமில் பெர்கன்-பெல்சன் வதை முகாமின் புகைப்படங்களைக் காட்டியபோது, ஜெர்மானியர் இதைச் செய்திருக்கமாட்டார்கள் என்றே அவரும் உடனிருந்த பையன்களும் நம்பினார்கள். நாஜித் தலைவர்கள்மீது நடந்த நூரம்பெர்க் விசாரணையில் ஹிட்லர் இளைஞர் படையின் தலைவராக இருந்த பால்டூர் ஃபான் ஷிராக்கே குற்றத்தை ஒப்புக்கொண்டதை வானொலியில் கேட்ட பிறகுதான் நம்பிக்கை உடைந்தது. துப்பாக்கியால் ஒருமுறைகூடச் சுடவில்லை என்று எழுதுகிறார்.

பதினேழு வயதுப் பையனை நான் கூண்டில் ஏற்றமாட்டேன். எனக்கு ஆறாதது பிறகு வந்த மௌனம். 1985-இல் அமெரிக்க அதிபர் ரீகனும் ஜெர்மன் பிரதமர் கோலும் பிட்பர்க் கல்லறைக்குப் போனார்கள். அங்கே வாஃபன் எஸ்.எஸ். வீரர்களின் கல்லறைகளும் இருந்தன. அதைக் கடுமையாகக் கண்டித்தவர்களில் கிராஸும் ஒருவர். அந்தக் கண்டனம் சரிதான். ஆனால் அன்றைக்கு அவர் தன்னைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். மற்றவர்களின் பழங்கதையைத் தோண்டி எடுக்கச் சொன்னவர், தன் கதையை 2006 ஆகஸ்ட்டில்தான், தன்வரலாறு வெளிவரும் தறுவாயில், ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொன்னார். போலந்தின் முன்னாள் அதிபர் லெக் வலேசா, கதான்ஸ்க் நகரின் கௌரவக் குடிமகன் பட்டத்தை கிராஸ் திருப்பித்தர வேண்டும் என்றார். கிராஸ் நகரத் தந்தைக்கு விளக்கக் கடிதம் எழுதிய பிறகு வலேசா தன் கோரிக்கையைக் கைவிட்டார். பட்டம் அவரிடமே இருந்தது. போரில் எரிக்கப்பட்ட ஊரின் மக்கள் அப்படி முடிவெடுத்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு 'டின் டிரம்'மை மறுபடி படித்தேன். நான் சின்னவன், எனக்கு எதிலும் பொறுப்பில்லை என்று கொட்டடித்துத் தப்பிக்கும் ஆஸ்கர், முதல் வாசிப்பில் ஒரு தேசத்தின் உருவமாகத் தெரிந்தான். இப்போது எழுதியவரும் அவனுக்குள் தெரிகிறார். நாவல் இதனால் சிறுத்துப்போகவில்லை. படிக்க முன்னைவிடக் கடினமாகிவிட்டது. படிக்காமல் விடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அவரை மன்னிக்கும்படியும் உங்களைக் கேட்கமாட்டேன். அது உங்கள் உரிமை.

கேள்வி: கல்கத்தாவைக் கேவலமாக எழுதினார் என்று என் வங்காள நண்பர் கொதிக்கிறார். உண்மையா?
– வங்கி ஊழியர், திருச்சி

உண்மை. 1975-இல் முதன்முறை வந்தார். 'ஃபிளவுண்டர்' நாவலில் அந்த நகரத்தைக் கடவுள் கழித்த மலக்குவியல் என்ற பொருளில் எழுதினார். வங்காளிகள் கொதித்ததில் தவறில்லை.

ஆனால் அதோடு விட்டுவிடவில்லை. 1986 ஆகஸ்டில் இரண்டாவது மனைவி ஊட்டேவோடு திரும்பி வந்தார், விருந்தினராக இல்லை, குடியிருக்க. நகரத்துக்குத் தெற்கே பாருய்பூரில் வீடு. நெரிசல் ரயிலில் போய்வந்தார். ஓவியர் சுபபிரசன்னா நண்பரானார். கிராஸின் நாடகம் ஒன்று வங்காளியில் மேடையேறியது. புழுக்கத்தில் ஊட்டே உட்கார்ந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் நாவலாசிரியர் ஃபோன்டானேயைப் படிக்க, அந்த ஃபோன்டானேயே தோட்டத்தில் உலவுவது போல கிராஸ் எழுதுகிறார். அடுத்த ஜனவரியில் கிளம்பிவிட்டார்கள். 1988-இல் 'நாக்கை நீட்டு' வந்தது. காளியின் நாக்குதான் தலைப்பு: வெட்கத்தில் கடித்த நாக்கு. குறிப்பு, ஓவியம், நெடுங்கவிதை மூன்றும் சேர்ந்த புத்தகம்.

என் அபிப்பிராயம்: உரைநடைப் பகுதியில் ஐரோப்பியரின் அருவருப்பு இன்னும் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓவியங்களில் அது இல்லை. நடைபாதையில் போர்த்திப் படுத்திருப்பவர்கள், குப்பைமேடு, காக்கைகள். கையெழுத்து வரிகளே படத்துக்குள் ஓடி, படுத்திருப்பவரின் போர்வை மடிப்போடு கலந்துவிடும். ஒரு மனிதரைக் கோடு கோடாக வரைய அவரை நீண்ட நேரம் பார்த்தாக வேண்டும். அந்த நேரம் அவர் பார்வையை மாற்றியிருக்கிறது. 2005 ஜனவரியில் மறுபடி கல்கத்தா வந்தார். உங்கள் நண்பரிடம் அந்த ஓவியங்களைக் காட்டுங்கள். பிறகும் கொதித்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கேள்வி: மொழிபெயர்ப்பாளர்களை அழைத்து வகுப்பு எடுப்பாராமே?
– மொழிபெயர்ப்பாளர், புதுச்சேரி

வகுப்பு என்பதைவிடக் கூட்டு வேலை. 1978-இல் 'ஃபிளவுண்டர்' நாவலுக்காகத் தொடங்கியது. ஒரு நாவல் வெளிவந்ததும், பல மொழிகளின் மொழிபெயர்ப்பாளர்களைப் பதிப்பகம் தன் செலவில் வரவழைக்க வேண்டும். பல நாள் ஆசிரியரோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் போவார்கள். மீனுக்கு எந்த இனம், கல்லுக்கு எந்த வகை, அந்தச் சமையலில் என்ன போடுவார்கள் எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்வார். பெரிய எழுத்தாளர்களில் இதைப் பதிப்பகத்திடம் வற்புறுத்தி வாங்கியவர்கள் அபூர்வம்.

கேள்வி: எழுத்தும் ஓவியமும் சேர்ந்த வேறு ஜெர்மன் மொழி எழுத்தாளர்கள்?
– கல்லூரி மாணவி, மதுரை

ஹெர்மன் ஹெஸ்ஸே சுவிட்சர்லாந்தின் மொண்டஞோலாவில் நீர்வண்ணம் தீட்டினார். ஆஸ்திரிய ஓவியர் ஆல்ஃபிரெட் குபின் 1909-இல் ஒரே ஒரு நாவல் எழுதி அதற்குத் தானே படம் வரைந்தார். பீட்டர் வைஸ் ஓவியராகத் தொடங்கியவர். டுரன்மாட்டின் ஓவியங்களுக்கென்றே நொய்சாத்தெல் நகரத்தில் ஒரு மையம் இருக்கிறது. ஹெர்டா முல்லர் பத்திரிகைகளில் இருந்து சொற்களைக் கத்தரித்து ஒட்டிக் கவிதை செய்கிறார். இவர்களில் குபினுக்குத் தனி இதழ் ஒதுக்க ஆசை.

கேள்வி: என் மகள் வரைகிறாள், கதையும் எழுதுகிறாள். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்கிறார்கள் ஆசிரியர்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு தாய், ஈரோடு

அம்மா, ஆசிரியர்கள் சொல்வது மதிப்பெண் கணக்கு. கிராஸ் செய்ததைச் சொல்கிறேன். 1995-இல் அவருடைய 'பரந்த வெளி' என்ற பெரிய நாவல் வந்தபோது, ஜெர்மனியின் செல்வாக்கு மிக்க விமர்சகர் ரைஷ்-ரனிக்கி அந்தப் புத்தகத்தை இரண்டாகக் கிழிப்பது போன்ற படத்தையே ஒரு வார இதழ் அட்டையில் போட்டது. அறுபத்தேழு வயது மனிதரை நாடே சேர்ந்து அடித்த மாதிரி இருந்தது. அவர் பேனாவை வைத்துவிட்டு நீர்வண்ணத்தை எடுத்தார். தோட்டத்துக் காய், பழைய செருப்பு, காளான், கையில் கிடைத்ததையெல்லாம் தீட்டி, ஈரம் காய்வதற்குள் அதன் மேலேயே சின்னச் சின்னக் கவிதைகளைத் தூரிகையால் எழுதினார். அது 1997-இல் 'வாசிக்காதவர்களுக்குக் கண்டெடுத்தவை' என்ற புத்தகமானது. அந்த நீர்வண்ணத்திலிருந்தே 1999-இல் 'என் நூற்றாண்டு' வந்தது: நூறு வருடத்துக்கு நூறு கதை, கூடவே ஓவியங்கள். அதே வருடம் நோபல். ஒரு கை அடிபட்டபோது மறு கை அவரை இழுத்து வெளியே போட்டது.

மகளுக்குக் கோடு போடாத தடித்த நோட்டு ஒன்று வாங்கிக்கொடுங்கள். படத்துக்கு ஒன்று, கதைக்கு ஒன்று என்று இரண்டு வாங்காதீர்கள்.

கேள்வி: சவப்பெட்டியை முன்கூட்டியே செய்துவைத்தாராமே?
– வாசகர், நாகர்கோவில்

ஆமாம். அவருக்கும் ஊட்டேவுக்கும் தச்சரை அழைத்து அளவெடுத்துச் செய்யச் சொல்லி, இருவரும் உள்ளே படுத்துப் பார்த்தார்கள். அதையும் எழுதி, வரைந்து வைத்தார். 2015 ஏப்ரல் 13-இல் லூபெக்கில் காலமானார். அந்தப் பக்கங்கள் அடங்கிய கடைசிப் புத்தகம் அவர் போன பிறகு அதே வருடம் வெளிவந்தது.

கேள்வி: எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?
– பலர்

ஆங்கிலத்தில் படிக்க முடியுமானால் 'பூனையும் எலியும்' எடுங்கள். சிறியது, 1961-இல் வந்தது, அதே டான்சிக். தொண்டைக் குமிழ் பெரிதாக இருக்கும் ஒரு பையன் அதை மறைக்க ஒரு வீரப் பதக்கம் தேடுகிற கதை. 'டின் டிரம்' என்றால் 2009-இல் பிரியோன் மிட்செல் செய்த மொழிபெயர்ப்பு. பழைய மொழிபெயர்ப்பு அவருடைய நீண்ட வாக்கியங்களை உடைத்துவிட்டிருந்தது. ஓவியத்துக்காகவென்றால் 'என் நூற்றாண்டு'வின் படங்கள் உள்ள பெரிய பதிப்பைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பதிப்பில் ஓவியங்கள் இல்லை, வாங்கிவிட்டு என்னிடம் வருத்தப்படாதீர்கள். ஜெர்மனிக்குப் போகும் வாய்ப்பு இருப்பவர்கள், லூபெக் நகரத்தில் குளோக்கன்கீசர் தெரு 21-ஆம் எண் வீட்டுக்குப் போங்கள். 2002-இல் திறந்த குந்தர் கிராஸ் இல்லம் அது. சிற்பம், அச்சோவியம், கையெழுத்துப் பிரதி மூன்றையும் ஒரே கூரைக்கடியில் பார்க்கலாம்.